டொறீன் அக்காவும் பன்னிரண்டு காம்பராவும்

டொறீன் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் நான் செய்த கொலைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொத்தம் எத்தனை என்று நினைவில்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் மட்டும் முந்நூறைத் தாண்டியிருக்கும். சிலரை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டு ஏணியைக் கழற்றினேன். சிலரைக் குசினிக்குள் விட்டு, அடுப்பைப் பற்றவைத்து, கதவை அழித்தேன். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையை மட்டும் கக்கூஸுக்குள் வைத்துச் சுவர் எழுப்பினேன். பெண் வீட்டார் வெளியே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பயப்பட வேண்டாம். எல்லாம் கொம்பியூட்டருக்குள்.

இடம் மாத்தளை டவுனில் பாறூக் நானாவின் கடை. முன்பக்கம் போட்டோ கொப்பி மெஷின், டெலிபோன் பூத், படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசை. நடுவில் ஒரு பலகைத் தட்டி. தட்டிக்குப் பின்னால் நான்கு கொம்பியூட்டர். அங்கே இரண்டு விளையாட்டுகள்தான் ஓடும். ஒன்றில் ஆட்களை உண்டாக்கி, பெயர் வைத்து, வீடு கட்டிக் குடியமர்த்தலாம். மற்றதில் ஒரு டவுனையே கட்டலாம். முதலாவதை வீட்டு கேம் என்றும் இரண்டாவதை டவுன் கேம் என்றும் சொல்வோம். வீட்டு கேமில் ஆளுக்குப் பசித்தால், தூக்கம் வந்தால், கக்கூஸ் வந்தால் திரையில் ஒரு பச்சைக் கோடு சிவப்பாகும். அப்போதும் கவனிக்காவிட்டால் அந்த ஆள் நிமிர்ந்து, நேரே நம் முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் ஆட்டிக் கத்துவான். நாங்கள் எல்லாரும் அதற்காகவே காத்திருப்போம்.

என் பெயர் நோபர்ட். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். அப்போது எனக்குப் பதினேழு வயது. பக்கத்துக் கதிரையில் நுஹ்மான். அவன் டவுன் கேம்காரன். பெரிய ஊராகக் கட்டி, எல்லாரும் குடிவந்த பிறகு தண்ணீரை நிறுத்துவான். மற்ற இரண்டு கதிரையிலும் எங்களைப் போல இன்னும் இரண்டு பேர்.

முன்பக்க மேசையில் இருந்தவர் டொறீன் அக்கா. முப்பத்து நான்கு வயது. மெலிந்த உருவம், இரண்டு கண்ணாடி, ஒன்று தலையில், ஒன்று மூக்கில். எந்தப் படிவத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் நிரப்புவார். பிறப்புப் பத்திரம் தொலைந்தவர்களும், ஐடென்டி என்கிற அடையாள அட்டைக்கு அலைபவர்களும், தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து அவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். வேலை நடக்கும்போதே தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு குரல் வரும்.

"என்னா எமன்களா, இன்னிக்கு எத்தன பேரு?"

"ஆறுக்கா. ஒரு குடும்பம்."

"புள்ள குட்டி இருந்திச்சா?"

"ரெண்டுக்கா."

"நல்லா இருப்பீங்கடா நீங்க."

எங்களை அவர் திட்டியது அவ்வளவுதான். அந்தத் திட்டு வராத நாளில் விளையாட்டு உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

அக்கா பிறந்தது உக்குவளைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, உள்ள லயம். அதில் ஏழாவது காம்பரா அவருடையது. அம்மா லூசியா நாற்பது வருடம் பால் வெட்டியவர். அப்பா கபிரியேல் அக்காவின் சின்ன வயதிலேயே போய்விட்டார். அக்கா ரெயிலில் மாத்தளைக்கு வந்து படித்து, கடைசிப் பள்ளிப் பரீட்சையான ஏ.எல். பாஸ் பண்ணினார். அந்த லயத்தில் அதுவரை யாரும் பண்ணாத காரியம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும் என்பது அவருக்கு ஆசை அல்ல, பிடிவாதம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தோட்டத்து ஆட்களையே எடுப்பதாக அரசாங்கம் சில வருடங்களுக்கு ஒருமுறை விண்ணப்பம் கேட்கும். முதல் தடவை அக்கா கடை விலாசத்தைப் போட்டு அனுப்பினார். டவுன் விலாசம், நீ தோட்டத்து ஆள் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். இரண்டாவது தடவை தோட்டத்து விலாசத்தையே போட்டார். இன்டர்வியூ கடிதமும் வந்தது. ஆனால் அக்காவிடம் வரவில்லை.

தோட்டத்துத் தபால் நடக்கிற விதம் டவுனில் வளர்ந்த எனக்குத் தெரியாது. அக்கா சொல்லித்தான் தெரியும். தோட்டத்தின் பெயர் எழுதிய காகிதம் எதுவானாலும் தபால் கந்தோரில் ஒரு பைக்குள் விழும். தோட்டத்தில் தப்பால்காரன் என்று சொல்கிற ஆள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஒப்பீஸில் கொடுப்பான். மறுநாள் விடிய, பெரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது கிளாக்கர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். அவருக்கு மனம் வந்தால் பிரித்து வாசித்தும் காட்டுவார். பெரட்டுக்கு வராதவனுக்குக் காகிதமும் இல்லை. லூசியா அம்மாவுக்கு வயதாகி, செக்ரோல் என்கிற வேலையாட்கள் பட்டியலில் பெயர் வெட்டியாயிற்று. அக்கா வேலை செய்வது டவுனில். ஆக, ஏழாம் காம்பராவிலிருந்து பெரட்டில் நிற்க ஆள் இல்லை. கடிதம் கிளாக்கரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. இன்டர்வியூ முடிந்து இருபத்தாறாவது நாள் அது அக்காவின் கைக்கு வந்தது.

மூன்றாவது தடவை விண்ணப்பம் கேட்கப்போகிறார்கள் என்று இரண்டாயிரத்து ஏழு தொடக்கத்தில் பேச்சு அடிபட்டது. வயது முப்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. அக்காவுக்கு வருகிற மார்கழியில் முப்பத்தைந்து முடிகிறது. இதுதான் கடைசி. கடிதம் வந்தாக வேண்டும், நாள் தவறாமல் வந்தாக வேண்டும். கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் இந்தக் கதை தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாளில் மற்றவர்களின் கஷ்டம் எனக்கு ஒரு காதால் வந்து மறு காதால் போய்விடும்.

அக்காவும் வீட்டு கேம் விளையாடுகிறார் என்பதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். கடை திறந்து ஆட்கள் வருவதற்குள் அரை மணித்தியாலம். அதற்குள் விளையாடிவிட்டு மூடிவைப்பார்.

அன்று காலை என்னை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். யுத்த காலம், செக் பொயின்ட். ஐடென்டியை வீட்டில் மறந்துவிட்டேன். தமிழ்ப் பொடியன், தாடி முளைக்காத முகம், பதிலுக்குப் பதில் பேசும் வாய். வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நிற்க வைத்தார்கள். என்னை நிற்க வைத்த ஆமிக்காரனுக்கும் என் வயதுதான் இருக்கும். அவன் என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை. நிற்கச் சொன்னதையே மறந்துவிட்டு, பாண் தின்றுகொண்டிருந்தான்.

கடைக்கு வந்து கொம்பியூட்டரைத் திறந்தேன். புதிதாக ஒரு வீடு சேமித்து வைத்திருந்தது. நீளமாக ஒரே கூரை. வரிசையாகப் பன்னிரண்டு அறை. ஒவ்வொன்றிலும் ஆட்கள். பெயர்கள் வேறு: அழகம்மா, இராமசாமி, லூசியா. பச்சைக் கோடுகள் எல்லாருக்கும் நிரம்பி வழிந்தன. ஒருத்தனுக்கும் பசி இல்லை. இப்படி ஒரு வீட்டை நான் அதுவரை கண்டதில்லை. பன்னிரண்டு கதவையும் அழித்தேன். அடுப்புகளைப் பற்றவைத்தேன். பெயர் பெயராக எல்லாரும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கை ஆட்டினார்கள். பிறகு பன்னிரண்டு காம்பராவும் சாம்பல். நுஹ்மான் கை தட்டினான். கேம் தானாகவே சேமித்துக்கொண்டது.

மறுநாள் காலை அக்கா தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். நாங்கள் இருக்கும்போது அவர் அங்கே வருவது அபூர்வம்.

"யாரு செஞ்சது?"

நுஹ்மான் என்னைப் பார்த்தான். சிநேகிதன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

"நான்தாங்கா. ஒங்களோடதுன்னு தெரியாது."

"ஏன்டா செஞ்ச?"

"சும்மாக்கா."

"எம்மேல கோவமா?"

"இல்லக்கா."

"அழகம்மா மேல?"

"அழகம்மா யாருன்னே எனக்குத் தெரியாதே."

"எட்டாம் காம்பரா. எங்க பக்கத்து வீடு. எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சிக் குடுக்கிற பொம்பள." அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன தடவ என் காயிதத்த லாச்சியில போட்டு வச்ச கிளாக்கர்கிட்ட, ஏன் ஐயான்னு கேட்டேன். சும்மாதாம்மா, மறந்துபோச்சின்னாரு. அவருக்கும் எம்மேல கோவம் இல்ல."

இடையில் நுஹ்மான் வாயைத் திறந்தான்.

"அக்கா, அதுக வெறும் பொம்மதானே. சோறு போடு, கக்கூஸுக்கு அனுப்பு, படுக்க வை. இதுதான் வேலையென்டா நான் ஊட்டுல தம்பியப் பாத்துக்கிட்டு ஈக்கலாமே. கொல்லுறதுலதான் ஒரு இது ஈக்கு."

"என்னா இது?"

"அதுக எங்களப் பாத்துக் கெஞ்சுமே, அதான். எங்களப் பாத்து வேற யாரு கெஞ்சுற?"

சொல்லிவிட்டு நுஹ்மானே கொஞ்சம் திகைத்துப் போனான். அக்கா சிரிக்கவில்லை. என் கதிரைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"மேலேருந்து பாக்கிறீங்க, அதான். கூரையே இல்ல பாரு. எங்க தொரை பங்களாவும் மலை மேலதான். அங்கருந்து பாத்தா எங்க லயமும் இம்புட்டுத்தான் தெரியும்" என்று விரலால் அளந்து காட்டிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

அவர் அழுதிருந்தால் நான் தப்பியிருப்பேன். அழுகிறவர்களைக் கேலி பண்ணத் தெரியும். அன்றைக்குப் போட்டோ கொப்பி மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் திரும்பக் கட்டினேன். யாரும் சொல்லிக் கட்டவில்லை. மூன்று நாள் எடுத்தது. ஒரே நிலத்தில் லயமாகக் கட்டினால் மறுபடி ஒரு நெருப்பில் எல்லாரும் போவார்கள் என்று, பன்னிரண்டு தனி நிலம் எடுத்துப் பன்னிரண்டு சின்ன வீடு வைத்தேன். அழகம்மாவுக்கு இரண்டு ஜன்னல் கூடுதல். நுஹ்மான் "என்னடா மச்சான், மேசனாகிட்டியா" என்றான். நான் இராமசாமிக்கு ஒரு மாமரம் நட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வீடுகளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ரோட்டோரம் நின்ற சின்னப் பெட்டியைத்தான் பார்த்தார்.

"இது என்னாடா?"

"காயிதப் பெட்டிக்கா. நெலம் எடுத்தா தானா வரும். என்னாத்த வேணும்னாலும் ஒடைக்கலாம், அத மட்டும் ஒடைக்கேலாது. நானும் எத்தனையோ தடவ பாத்துட்டேன்."

"நான் கட்டினதுல ஒண்ணுதான் இருந்திச்சி."

"அது ஒரே நெலம்ல. பன்னெண்டு குடும்பத்துக்கும் ஒண்ணுதான் வரும்."

அக்கா தலையில் இருந்த கண்ணாடியையும் இறக்கி மூக்கில் இருந்ததன் மேல் போட்டுக்கொண்டார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பன்னிரண்டு வரை எண்ணினார். பிறகு பாறூக் நானாவிடம் போய், "நானா, எனக்கு அரை நாள் லீவு வேணும்" என்றார். எட்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் லீவு. நானா பயந்துபோய் "என்ன தங்கச்சி, சொகமில்லையா?" என்று கேட்டார்.

அக்கா போனது உக்குவளையில் தபால் கந்தோருக்கு. போஸ்ட் மாஸ்டர் சிங்கள மனுஷன், நல்ல மனுஷன், ஆனால் சட்டத்தைவிட்டு அரை அங்குலம் நகராதவர். லயத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு ரோட்டுப் போகிறது. தபால்காரர் குணபால ஒவ்வொரு நாளும் அதே ரோட்டில் சைக்கிளில் போய், கடைசி வீடான ஐம்பத்தெட்டாம் நம்பர் வரை காகிதம் கொடுக்கிறார். அதிலிருந்து லயம் கூப்பிடு தூரம். அப்படியிருக்க எங்கள் காகிதம் ஏன் ஒப்பீஸைச் சுற்றி வர வேண்டும் என்று அக்கா கேட்டார். நம்பர் இல்லாத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று போஸ்ட் மாஸ்டர் திருப்பிக் கேட்டார். கிராம சேவகரின் கடிதம், பன்னிரண்டு குடும்பத்தின் கையெழுத்து, வீட்டுக்கு ஒரு நம்பர், ஒரு பெட்டி. இவ்வளவும் இருந்தால் ஒரு மாதம் பார்ப்போம் என்றார். ஒரு மாதத்தில் காகிதம் பேருக்கு ஒன்றிரண்டுதான் வருகிறது என்றால், குணபாலவின் சைக்கிளைச் சும்மா மிதிக்க வைக்க முடியாது. பழையபடி பைதான்.

பைக்குள் போனால் லாச்சி. அதை அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கையெழுத்துகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கிடைத்தன. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கிராம சேவகர் ஐம்பத்தொன்பதின் கீழ் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்று எழுதிக் கொடுத்தார். இராமசாமி அண்ணன் சுண்ணாம்பும் கரியும் எடுத்துக் கதவுகளில் நம்பர் போடப் போனபோது கிளாக்கர் வந்துவிட்டார். லயத்துச் சுவர் தோட்டத்துச் சொத்து, ஆணி அடித்தால், பெயின்ட் பூசினால், துரை வரை போகும் என்று சொல்லிவிட்டுப் போனார். லயமே அடங்கிவிட்டது. அழகம்மா, "போகட்டும் புள்ள, நமக்கு யாரு காயிதம் போடப்போறா" என்றாராம்.

மறுநாள் அக்கா கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாடா இளிக்கிற?"

"சொவத்துல ஏன்க்கா அடிக்கிறீங்க? கேம்ல பெட்டி சொவத்துலயா இருக்கு? ரோட்டுலதானே இருக்கு. நம்பரப் பெட்டியில போடுங்க. ரோடு யாரோடது?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். ரோடு பிரதேச சபையுடையது. அன்று மத்தியானமே அங்கே ஒரு விண்ணப்பம் போனது. அக்கா எழுதிய விண்ணப்பத்தில் குறை கண்டுபிடிக்கிற கிளாக்கர் இன்னும் பிறக்கவில்லை.

பெட்டிக்கு, பாறூக் நானா தன் மச்சானின் கடையிலிருந்து பன்னிரண்டு பிஸ்கட் டின் வாங்கித் தந்தார். நாங்கள் நான்கு எமன்களும் ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக அந்த லயத்துக்குப் போனோம். வேலிக்கு ஊன்றும் பச்சைக் கம்பு வெட்டி, ரோட்டுத் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக வரிசையாக நட்டு, டின்களைக் கவிழ்த்துக் கட்டி, வாய் வெட்டி, நம்பர் எழுதினோம். அழகம்மா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் அவரை எரித்தவன் என்று அவருக்குத் தெரியாது. குட்டையான பெண். சீனியைக் கையில் வைத்துக்கொண்டு நக்கிக் குடிக்கச் சொன்னார். நான் தலை நிமிரவில்லை.

கிளாக்கர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"யாரக் கேட்டு நட்டீங்க?"

"பிரதேச சபையக் கேட்டு ஐயா" என்று அக்கா கடதாசியை நீட்டினார். "ரோடு ஐயாவோடதுன்னா சொல்லுங்க, இப்பவே புடுங்கிடுறோம்."

அவர் கடதாசியை இரண்டு பக்கமும் வாசித்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதையும் வாசித்தார். பிறகு போய்விட்டார். இராமசாமி அண்ணன் மோட்டார் சைக்கிள் சத்தம் ஓயும்வரை பொறுத்து, பிறகு ஒரு விசில் அடித்தார். அதைக் கேட்டு அவருடைய ஆடு கத்தியது.

பெட்டி நின்றது. ஆனால் அழகம்மா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. யார் காகிதம் போடப்போகிறார்கள்? முதல் வாரம் பன்னிரண்டு பெட்டிக்கும் சேர்த்து வந்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஐம்பத்தெட்டாம் நம்பர்க்காரருடையது, தவறி விழுந்தது.

"மூணு கெழமதான் மிச்சம்" என்றார் அக்கா. அன்று எங்களை எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

அந்த இடத்தில்தான் எமன்கள் தொழிலை மாற்றினோம். நானும் நுஹ்மானும் மற்ற இருவரும் பன்னிரண்டு வீட்டைப் பங்கு பிரித்தோம். ஆளுக்கு மூன்று. வாரம் இரண்டு காகிதம். நல்ல யோசனைதான், ஆனால் பேனாவை எடுத்ததும் கை நின்றுவிட்டது. கேமில் ஒருத்தனுக்கு என்ன வேண்டும் என்று கோடு காட்டும். உண்மை மனுஷருக்குக் கோடு இல்லை.

"அக்கா, இராமசாமி அண்ணனுக்கு என்னா புடிக்கும்?"

"ஆட்டைப் புடிக்கும்."

ஆகவே முதல் காகிதம் ஆட்டுக்குப் போனது. 'திரு. ஆடு அவர்கள், மேற்பார்வை இராமசாமி, 59/3' என்று விலாசம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் குரலைக் கேட்டேன், பாட்டுப் போட்டிக்கு வர முடியுமா என்று எழுதியிருந்தேன். குணபால அதைப் பெட்டிக்குள் போடாமல் நேரே கொட்டிலுக்குப் போய் ஆட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு சைக்கிள் மணியை அடித்தாராம். மறு வாரம் எனக்குப் பதில் வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் காகிதம் அது. 'ஆட்டுக்கு நேரம் இல்லை, நீ வந்து புல்லு வெட்டு.' கையெழுத்து அக்காவுடையது, வாய் இராமசாமி அண்ணனுடையது.

பன்னிரண்டாம் காம்பராவில் ஒரு கிழவருக்குக் கிரிக்கெட் பைத்தியம். நுஹ்மான் அவருக்கு ஸ்கோர் எழுதி அனுப்பினான். ரேடியோவில் முதல் நாளே கேட்டுவிட்டவர், தபாலில் இரண்டு நாள் பிந்தி வந்ததைத்தான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான்காம் காம்பராப் பிள்ளைகளுக்கு விடுகதை போனது. விடையை அடுத்த காகிதத்தில் தருவோம் என்று எழுதியதால் குணபாலவை ரோட்டிலேயே மறித்தார்கள்.

அழகம்மாவுக்கு என்ன எழுதுவது? அவருடைய மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அந்த நாளில் கொழும்பில் தமிழ்ப் பொடியன்களைச் சுற்றிவளைப்பில் பிடிப்பதாக வாரம் ஒரு செய்தி. அவனிடமிருந்து ஒரு வருடமாகக் காகிதம் இல்லை.

"மகன் எழுதுற மாதிரி நாங்களே எழுதுவமா? சந்தோசப்படுவாவே" என்றான் நுஹ்மான்.

நான் வேண்டாம் என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவனுடைய கடை விலாசத்தைத் தேடி எடுத்து அவனுக்கே எழுதினேன். உன் அம்மாவுக்கு நம்பர் வந்துவிட்டது, 59/8, காகிதத்தை இனிக் கிளாக்கர் பிரிக்க மாட்டார், இவ்வளவுதான். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எனக்கு அல்ல, அழகம்மாவுக்கு. பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள் என்பதால்தான் எழுதாமல் இருந்தேன் என்று எழுதியிருந்தான். நான்கு பக்கம். மிச்சம் என்ன இருந்தது என்று வாசித்துக் காட்டிய அக்காவுக்கும் அழகம்மாவுக்கும்தான் தெரியும். நாங்களும் கேட்கவில்லை.

மாத முடிவில் போஸ்ட் மாஸ்டர் அக்காவைக் கூப்பிட்டார். அந்த ரோட்டிலேயே அதிகம் காகிதம் போகிற இடம் இப்போது லயம்தான் என்றார். அதில் சில ஆட்டுக்கு வருவதையும் தான் அறிவதாகச் சொன்னார். சட்டத்தில் ஆட்டுக்குக் காகிதம் போடக் கூடாது என்று எங்கும் இல்லையாம். குணபால தொடர்ந்து போகலாம்.

அந்த வாரமே விண்ணப்பம் கேட்டார்கள். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் அக்கா 59/7 என்று எழுதி, தோட்டத்தில் வசிப்பவர் என்ற கிராம சேவகரின் கடிதத்தையும் சேர்த்து ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். பிறகு காத்திருந்தோம். சித்திரை போனது, வைகாசி போனது. நட்ட கம்புகள் துளிர்த்து டின்களை இலை மூடியது. தினமும் அக்கா கடைக்கு வந்ததும் நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மெஷினைப் போடுவார்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, பத்து மணி இருக்கும். கடை வாசலில் ஒரு வயதான அம்மா வந்து நின்றார். ஒரு காலில் செருப்பு, மறு செருப்பு கையில். லூசியா அம்மா. மகள் வேலை செய்கிற கடையை அவர் அதுவரை பார்த்ததில்லை. தனியாக பஸ் ஏறி, மூன்று கடையில் விசாரித்து, ஓடிவந்ததில் செருப்பு அறுந்துவிட்டது.

"குணபால ஐயா மணி அடிச்சி எங்கையிலயே குடுத்தாரு. கவர்மெண்டு காயிதம்னாரு. எனக்கு வாசிக்கத் தெரியாதில்ல, அதான் வந்துட்டேன்."

கடிதம் அவருடைய சட்டைக்குள் இருந்தது. அக்கா வாங்கி, பிரிக்காமல், தபால் முத்திரையில் இருந்த தேதியை முதலில் பார்த்தார். முந்தாநாள் போட்டது. பிறகு பிரித்தார். கண்டியில் இன்டர்வியூ. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

"வந்திருச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து, அவர் காலடியில் குந்தி, அறுந்த செருப்பை ஊசியால் கோத்தார். இரண்டு தடவை தன் விரலைக் குத்திக்கொண்டார். பாறூக் நானா பட்டீஸ் வாங்கிவர ஓடினார். நாங்கள் நால்வரும் முன்பக்கமே நின்றுவிட்டதால், அன்று நுஹ்மானின் டவுனில் நெருப்புப் பிடித்து மேயர் வீடு வரை எரிந்தது. இந்த முறை அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

இன்டர்வியூவில் ஒரு பெரிய மனுஷர், ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டாராம். "நாலு எமன்கள வருசக்கணக்கா சமாளிக்கிறேன் சேர்" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் விளக்கம் கேட்க, அக்கா விளக்க, ஆட்டுக்கு வந்த காகிதம் வரை போய், அடுத்த ஆளைக் கூப்பிட அரை மணித்தியாலம் பிந்திவிட்டதாம்.

நியமனக் கடிதம் ஆவணியில் வந்தது. அதுவும் ஏழாம் பெட்டிக்குத்தான். றத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம், இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டம் கொடுத்த ஸ்டாப் குவாட்டஸ் வீட்டில் இருக்கிற அதே கிளாக்கர் ஒரு நாள் கடைக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, எங்க வீட்டுக்கும் ஒரு நம்பர் எடுக்கேலுமா" என்று கேட்டார். அவருடைய காகிதங்களை துரை பிரிக்கிறாராம். அக்கா படிவத்தை எடுத்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் நிரப்பிக் கொடுத்தார்.

"நீங்க ஏன்க்கா செஞ்சீங்க? லாச்சியில போட்டிருக்கலாமே" என்றேன்.

"போடா" என்றார்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது எனக்கும் நுஹ்மானுக்கும் றத்தோட்டைப் பக்கம் திடீரென்று ஒரு அலுவல் வந்துவிட்டது. என்ன அலுவல் என்று அக்கா கேட்கவில்லை. நீலக்கரைச் சேலை, ஒரு கண்ணாடி மட்டும். மாத்தளை ஸ்டாண்டில் பஸ் நிரம்பி வழிந்தது. கொண்டக்டர் எல்லாரையும் பின்னுக்குப் போ, பின்னுக்குப் போ என்று தள்ளிக்கொண்டு வந்தான். எங்களைத் தள்ளினான். அக்காவிடம் வந்து, கையில் இருந்த புது வரவுப் பதிவேட்டையும் சோக் பெட்டியையும் பார்த்தான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு தடித்த ஆளின் தோளைத் தட்டினான்.

"அண்ணே, கொஞ்சம் எழும்புங்க. டீச்சர் உக்காரட்டும்."

அக்கா திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் எந்த டீச்சர் நிற்கிறார் என்று. பின்னால் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். நுஹ்மான் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "ஒங்களத்தான் டீச்சர்" என்றான். அக்கா உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, டிக்கட்டுக்குக் கையை நீட்டினார்.